ஏரி வண்டலைக் கன அளவிடும் முறை

கோடையில் ஏரி வற்றியவுடன் வண்டலை வாரி வயலில் இடுவது நம் குடியானவர்களின் பழைய வழக்கமாகும். இதற்குப் பொருள் செலவிடுவோர் பலர். தாம் பெற்றது எத்தனை கன அடியென்று அறிந்தோர் சிலரே. லோடுக் கணக்கை மட்டும் நம்புவதால் நிலக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் வழக்கு உண்டாகிறது. கிராம அதிகாரியோ யார் பக்கம் நியாயமென்று தெரியாமல் திகைக்கிறார்.

ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் 1 அங்குல கனம் மண் பரப்ப 3,630 கன அடி வேண்டும். ஒரு சென்ட்டுக்கு 36.3 கன அடி. 2017-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் இலவச வண்டலுக்கு வகுத்த அளவு, நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் லோடு. புஞ்சைக்கு 90 கன மீட்டர், அதாவது 30 லோடு. கன மீட்டர் ஒன்றுக்கு 35.3 கன அடியாகக் கணக்கிட்டால், நஞ்சையில் முக்கால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாகவும், புஞ்சையில் முக்காலே அரைக்கால் அங்குலமும் மண் ஏறும்.

மேற்படி கணக்கின்படி ஒரு லோடு 3 கன மீட்டர், ஏறக்குறைய 106 கன அடி. உள்ளளவு 10 அடி நீளமும் 6 அடி அகலமும் 1¾ அடி உயரமும் உள்ள தொட்டி, வாய்மட்டம் நிரப்பினால் 105 கன அடி கொள்ளும். ஆனால் எல்லாத் தொட்டியும் ஓரளவன்று. ஆகையால் முதல் லோடு ஏற்றுமுன்பே இரு தரப்பாரும் கூடி நின்று தொட்டியை நாடா பிடித்து அளந்துகொள்ளல் வேண்டும்.

இனி, வழக்குகளின் வேர் எதுவென்பதைச் சொல்கிறேன். படிந்து கிடக்கும் மண்ணை வெட்டியவுடன் அது பொங்கும். களி கலந்த வண்டலில் குழியளவு 100 கன அடி, தொட்டியில் ஏறக்குறைய 125 கன அடியாகும். மண்ணின் தன்மையையும் ஈரத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். ஆகவே குழியை அளந்தவரும் தொட்டியை அளந்தவரும் இருவருமே பொய் சொல்லாமலே சண்டையிடலாம்! கூலியும் வாடகையும் எந்த அளவின்மேல் என்பதை முன்னதாகவே எழுதிக்கொள்க.

குழியின் பக்கங்கள் சரிவாயிருப்பதால் மேல்வாயை மட்டும் அளத்தல் தவறு. மேலே 20 அடிக்கு 10 அடி, அடியில் 16 அடிக்கு 6 அடி, ஆழம் 3 அடி என்று கொள்வோம். மேல்வாய்க் கணக்கில் 600 கன அடி வரும். சராசரி நீளம் 18, அகலம் 8, இவற்றை ஆழத்தால் பெருக்க 432 வரும். நுட்பமான கணக்கு 436 ஆகையால், சராசரி முறை நமக்குப் போதும். ஏரித்தளம் மேடுபள்ளமாயிருந்தால் குழிக்குள் இரண்டொரு மண்தூண்களை வெட்டாமல் விட்டு, அவற்றின் உயரத்தைக் கொண்டு ஆழம் காண்க. அளந்து குறித்த பின்னரே தூண்களை வெட்டலாம்.

வயலோரம் கூம்பாகக் கொட்டிய குவியலுக்கு, அடிச்சுற்றளவை அதனாலேயே பெருக்கி, உயரத்தால் மீண்டும் பெருக்கி, 38-ஆல் வகுக்க. சுற்றளவு 30 அடி, உயரம் 4 அடியானால் ஏறக்குறைய 95 கன அடி. மழை பெய்த குவியல் அமிழ்ந்துவிடும். அதை அளந்து வண்டிக்காரர் மேல் குறை கூறுதல் முறையன்று.

கரையையும் மதகையும் ஒட்டி வெட்டலாகாது. வண்டலைத் தாண்டி அடிக்களியையும் தோண்டலாகாது, நீர் கசிந்து வீணாகும். கொரட்டூர் ஏரி விஷயத்தில் மட்டும் தனி எச்சரிக்கை அவசியம். அதன் பழைய ஆயக்கட்டு பெரும்பாலும் மனைகளாகிவிட்டது. ஏரியில் சாக்கடையும் ஆலைக் கழிவுநீரும் கலந்தது பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் விசாரணையே நடந்தது. இத்தகைய ஏரியின் வண்டலை மண் பரிசோதனை செய்விக்காமல் பயிர் நிலத்தில் இடுதல் கூடாது. அங்கே எத்தனை கன அடி என்பது இரண்டாவது கேள்வியே.