பழைய காரில் வெளியூர் போகிறீர்களா? ஒரு வாரம் முன்பே பானட்டைத் திறங்கள்

திண்டிவனம் பக்கம் இன்னும் எத்தனையோ வீட்டு வாசலில் மாருதி 800, ஆம்னி, ஜென், பழைய சான்ட்ரோ நிற்கின்றன. காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் குறையில்லாமல் ஓடுகின்றன. அந்த நம்பிக்கையில் திருச்சிக்கோ திருவண்ணாமலைக்கோ குடும்பத்தோடு கிளம்பும்போதுதான் சிக்கல். ஊருக்குள் ஐந்து நிமிடம் ஓடும் இன்ஜின் முழுச் சூட்டுக்கே வருவதில்லை. அதனால் அதன் கோளாறும் வெளியே தெரிவதில்லை. பயணத்துக்கு முந்தின நாள் சோதித்தால் போதாது. பாகம் இங்கே கிடைக்காவிட்டால் சென்னைப் புதுப்பேட்டைக்கு ஆள் போய் வர வேண்டும். ஒரு வாரம் முன்பே ஆரம்பியுங்கள்.

1. இரவு வண்டியை நிறுத்தியதும் இன்ஜினுக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் கறுப்பாகவோ பழுப்பாகவோ பிசுபிசுப்பு இருந்தால் இன்ஜின் ஆயில் கசிகிறது. பச்சை நிறமாக இருந்தால் கூலன்ட். ஏசி போட்டு வந்திருந்தால் சுத்தமான தண்ணீர் சொட்டியிருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் திருகவே கூடாது, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

2. அடுத்து ஆயில் குச்சி. வண்டி சமதரையில், குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. கறுத்திருந்தால் பழைய ஆயில், மாற்றிவிடலாம். பால் கலந்த காபி நிறத்தில் நுரைத்திருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். அந்த நிறம் தெரிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

3. சாவியைத் திருகும்போது காதைக் கொடுங்கள். ‘டக், டக்’ என்று மட்டும் கேட்டால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் பிடிப்பு தளர்ந்திருக்கும். பேட்டரி நல்லபடியாக இருந்தும் ஒரே ஒரு ‘டக்’கோடு நின்றால் செல்ஃப் மோட்டாரைப் பார்க்க வேண்டும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் மைனஸ் கம்பியைக் கழற்றிவிட்டு, சமையல் சோடா கரைத்த வெந்நீரைக் கொஞ்சமாக விட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். மல்டிமீட்டர் இருக்கும் வீடு என்றால், இரவெல்லாம் நின்ற பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஓடும்போதும் ஏறவில்லை என்றால் கோளாறு ஆல்டர்னேட்டரில். புது பேட்டரி வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

4. முதல் ஸ்டார்ட்டின்போது வீட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். காலைக் குளிரில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து மறைவது இயல்பு. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் மறுபடியும் ஹெட் கேஸ்கெட்தான். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், கார்புரேட்டர் வண்டியில் சோக் திரும்பாமல் மாட்டியிருக்கும். நீலப் புகை ஆயில் எரிவதால் வருவது. ஸ்டார்ட்டில் மட்டும் வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். ஒரு லிட்டர் ஆயில் கையில் வைத்துக்கொண்டு போய் வரலாம். ரேஸ் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் வரை பார்க்க வேண்டியிருக்கும்.

5. மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினுக்கு மூன்றே சிலிண்டர். அதில் ஒன்று மிஸ் ஆனாலும் ஐடிலில் ஸ்டியரிங் நடுங்கும், மேட்டில் இழுவை இருக்காது. இன்ஜின் ஆறியபின் பிளக்குகளைக் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு தாளில் வைத்துப் பாருங்கள். நுனி இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஆயில் ஏறுகிறது. வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் அது அளவுக்கு மீறிச் சூடாகிறது. இன்ஜின் ஓடும்போது பிளக் வயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், கடுமையாக ஷாக் அடிக்கும்.

6. ரேடியேட்டருக்கு அதிக நேரம் கொடுங்கள். இதை அனுபவித்துச் சொல்கிறேன். சில வருடம் முன்பு அம்மாவைத் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போனேன். செஞ்சி மலை கண்ணில் படும்போது ஊசி சிவப்பை நோக்கி ஏறியது. ஒரு புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் நிறுத்தி, ஆறிய பிறகு மூடியைத் திறந்தேன். உள்ளே, வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அதே வெள்ளை ஏடு. வருடக்கணக்காக போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறோம். பாதிக் குழாய்கள் அடைத்துவிட்டன. கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள், போர் தண்ணீர் கூடாது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

7. சூடு எப்போது ஏறுகிறது என்பதைக் கவனித்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். பண்டிகை நாளில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸ், ஃபேன் சுவிட்ச், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். வேகமாகப் போகப்போக ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்று. வழியில் ஏறினால் உடனே ஏசியை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். புழுங்கும்தான், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரமாக நிறுத்துவது தவிர வேறு வழியில்லை.

8. ரப்பரைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஹோஸ் பைப்பை அழுத்தினால் மெத்தென்று மீள வேண்டும். மொறுமொறுத்தாலும் உப்பியிருந்தாலும் மாற்றுங்கள். பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் பெட்ரோல் பைப்பும் கேஸ்கெட்டும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, அவற்றையும் சேர்த்துச் சோதியுங்கள். டைமிங் பெல்ட்டைக் கடைசியாக மாற்றியது எப்போது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது என்றால், மாற்றிவிடுங்கள்.

9. எம்பிஎஃப்ஐ வண்டியில் சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் நிம்மதி கொள்ளாதீர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியானால், விற்றவர் பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

10. எல்லாம் முடிந்ததும் ஒரு வெள்ளோட்டம். திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு தாண்டி விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு முன்புவரை போய்த் திரும்புங்கள். பயணத்தில் எத்தனை பேர் ஏறுவார்களோ அத்தனை பேரோடு, நீங்கள் போகும் வேகத்தில், உச்சி வெயிலில் போங்கள். ரேடியோ வேண்டாம். ‘டிக் டிக்’ என்ற மெல்லிய சத்தம் டாப்பெட்டுடையது, சரிசெய்துகொள்ளலாம். இன்ஜினின் அடியிலிருந்து கனமாக ‘தொம் தொம்’ என்று கேட்டு, ரேஸ் கொடுக்கும்போது கூடினால் அது பேரிங். வீடு திரும்பியதும் அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டி டீக்கடை வாசலிலும் ஆகாது.

11. 1033 என்ற தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். வண்டி 15 வருடம் தாண்டியதென்றால் ஆர்சி புதுப்பித்த தேதியையும் ஒருமுறை பாருங்கள்.

வெள்ளோட்டத்தில் ஊசி ஏறினாலோ பேரிங் சத்தம் கேட்டாலோ, கோயிலுக்கு நேர்ந்துகொண்ட பயணமாக இருந்தாலும் அந்தக் காரை எடுக்காதீர்கள். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு பஸ் இருக்கிறது. பிள்ளைகளையும் பெரியவர்களையும் அதில் ஏற்றிக்கொண்டு போய் வாருங்கள், காரை வந்து பார்த்துக்கொள்ளலாம்.