கல்லைக் கொடுத்தால் காதலா?

இந்த மாதம் மட்டும் ஆறு பேர் ஒரே செய்தியை அனுப்பிவிட்டார்கள். ஆண் பென்குயின் கடற்கரையெல்லாம் தேடி, இருப்பதிலேயே அழகான கூழாங்கல்லைக் கொண்டுவந்து பெண்ணின் காலடியில் வைக்குமாம். அவள் ஏற்றுக்கொண்டால் ஆயுசுக்கும் ஜோடியாம். கீழே இரண்டு எம்பெரர் பென்குயின்கள் தலை சாய்த்து நிற்கும் படம். எம்பெரர் கூடே கட்டாது ஐயா! முட்டையைப் பாதத்தின்மேல் வைத்து அடைகாக்கும். அதற்குக் கல் எதற்கு?

கல் பொறுக்குவது அடேலி இனம். அண்டார்க்டிகாவில் ராஸ் கடலின் வாசலில் உள்ள கேப் அடேரில்தான் அதன் மிகப் பெரிய குடியிருப்பு; லட்சக்கணக்கில் ஜோடிகள். கோடையில் பனி உருகி ஓடும்போது முட்டை நனையாமல் இருக்க மேடு வேண்டும், மேட்டுக்குக் கல் வேண்டும். பக்கத்துக் கூட்டுக்காரர் கொஞ்சம் அசந்தால் போதும், ஒரு கல்லைக் கவ்விக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வரும். மோதிரம் மாற்றுகிற அழகா இது? கட்டட வேலை, அதிலும் பாதி திருட்டுச் சரக்கு.

ஆயுசுக்கும் ஜோடி என்பதும் கதைதான். எம்பெரரில் போன வருடத் துணையோடு மறுபடி சேர்வது சுமார் 15 சதவீதம். அடேலி பழைய கூட்டுக்குத் திரும்பும், உண்மை. ஆனால் துணை வரச் சில நாள் தாமதமானால் வேறொன்றோடு சேர்ந்துவிடும். அங்கே கோடை அவ்வளவு குறுகியது. 1911-12இல் கேப் அடேரில் ஒரு முழு இனப்பெருக்கக் காலமும் உட்கார்ந்து பார்த்தவர், தென்துருவம் நோக்கிப் போன ஸ்காட் குழுவின் மருத்துவர் மர்ரே லெவிக். செத்த பெண் பறவையோடுகூட ஆண்கள் உறவுகொள்வதைக் கண்டு அதிர்ந்து, சில குறிப்புகளைக் கிரேக்க எழுத்தில் மறைத்து எழுதினார். அவற்றை வைத்து எழுதிய கட்டுரை 100 பிரதி மட்டும், 'வெளியீட்டுக்கு அல்ல' என்ற முத்திரையோடு அச்சானது. ஊர் படிக்க 2012 ஆனது. இதை யாரும் காதலர் தினத்துக்கு அனுப்பக் காணோம்.

பென்குயினைப் பற்றிய மற்ற கதைகள் சில்லறை. பனிக்கரடி பென்குயினைத் தின்னாது, அது வடதுருவத்து ஆள். பென்குயின் விமானத்தை அண்ணாந்து பார்த்து மல்லாந்து விழுவதும் பொய். தென் ஜார்ஜியா தீவில் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டே பார்த்துவிட்டார்கள், ஒன்றும் விழவில்லை.

பென்குயின்மேல் நிஜமாகவே பாசமா? அது தின்னும் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரை விட்டுவைப்போம். ராஸ் கடலின் பெரும்பகுதிக்கு 2017 டிசம்பரிலிருந்து பாதுகாப்பு உண்டு. அண்டார்க்டிக் தீபகற்பத்தை ஒட்டிய கடலிலோ கப்பல்கள் கிரில்லை அள்ளுகின்றன. அந்தக் கரையிலும் அடேலி குஞ்சு பொரிக்கிறது. அடுத்த முறை ஒமேகா-3 மாத்திரை வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கிரில் எண்ணெய் என்றிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.