குடலும் நுரையீரலும்

சளியும் இருமலும் காய்ச்சலும் பற்றும்பொழுது மக்கள் மூக்கையும் தொண்டையையும் மார்பையுமே எண்ணிக் கவலையுறுவர். வயிற்றை நினைப்பார் அரியர். உணவு செல்லும் வழி வேறு. மூச்சுக்காற்று செல்லும் வழி வேறு. எனினும், குடலுக்கும் நுரையீரலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதனைத் தெளிவுறக் காட்ட உதவியவை சுண்டெலிகளே.

மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என 2016-ஆம் ஆண்டில் அறிஞர் கணக்கிட்டனர். இவற்றுள் மிகப்பல பெருங்குடலில் உறைவன. எண்ணிக்கை மலைப்பூட்டினும், எடை கால் கிலோவை எட்டாது! கிருமி என்றதும் அஞ்சுதல் மக்கள் இயல்பு. இவையோ பெரும்பாலும் தீங்கிழைப்பன அல்ல.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகிக்கோ இவாசாக்கி அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சுண்டெலிகள் சிலவற்றிற்குக் குடிநீரில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சில வாரங்கள் கலந்து கொடுத்தனர். குடற்பாக்டீரியாக்கள் பெரிதும் அழிந்தன. பின்னர், அவ்வெலிகளின் மூக்கில் இன்புளூயன்சா வைரசை இட்டனர். மருந்துண்ணாத எலிகளின் உடல் நோயை விரைந்து எதிர்த்தது. மருந்துண்டவற்றின் எதிர்ப்பாற்றலோ தளர்ந்தது. நுரையீரலில் வைரசு மிகுதியாகப் பெருகியது. அடுத்து நிகழ்ந்ததுதான் பெருவியப்பு. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைக் குடலின் கீழ்ப்புறத்தே செலுத்தியபொழுது, நுரையீரலின் எதிர்ப்பாற்றல் மீண்டது! மேல்மாடக் காவலர் விழித்திருக்கக் கீழ்த்தளத்தார் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் போலும்.

2018-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர் உணவின் பங்கை ஆராய்ந்தனர். காய்கறியிலும் பயற்றிலும் உள்ள நார்ப்பொருளை மனிதக் குடல் தானே செரிக்கவல்லது அன்று. பாக்டீரியாக்களே அதனை நொதிக்கச்செய்து சிறிய அமிலங்களாக்குகின்றன. அவை குருதியிற் கலந்து உடலெங்கும் செல்லும். நார் மிகுந்த உணவுண்ட எலிகள் இன்புளூயன்சாவை நன்கு தாங்கின. வைரசை எதிர்க்கும் அணுக்கள் வலுப்பெற்றன. அளவிறந்த அழற்சியால் நுரையீரல் சிதைவதும் குறைந்தது.

எலிக்கு உற்றது மனிதனுக்கும் அவ்வாறே உறும் எனத் துணிதல் கூடாது. மோரும் கீரையும் உண்டால் சளிக்காய்ச்சல் அணுகாது என்று கூறுவதும் மிகையே. ஆயினும், ஒன்று உறுதி. சளிக்காய்ச்சல் வைரசால் வருவது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளோ பாக்டீரியாக்களைக் கொல்வனவேயன்றி வைரசைக் கொல்வன அல்ல. மருத்துவரை வினவாது சளிக்கு அவற்றை வாங்கியுண்பவன் பகைவனை விடுத்துத் தன் துணைவரையே தாக்குகின்றான். இனி, இன்புளூயன்சாவால் நலிந்த நுரையீரலைப் பின்னர்ப் பாக்டீரியாக்கள் தாக்குவதும் உண்டு. அந்நிலையில் உயிர் காப்பன அம்மருந்துகளே.