காய்ப்பு ஓய்ந்த கத்தரித் தோட்டம்

(நல்லூர் வட்டார விவசாயச் செயல்விளக்க உத்தியோகஸ்தர் எழுதியது)

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் வட்டாரத்தில் மானாவாரி நிலங்களில் மணிலாவும் முந்திரியும் பயிராகின்றன. கிணற்றுப் பாசனமுள்ள இடங்களில் கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி முதலிய காய்கறிகள் பயிராகின்றன. மணிலாவின் பணம் வருஷத்தில் ஒரு முறை அல்லது இரு முறை வரும். காய்கறியின் பணமோ வாரந்தோறும் கைக்கு வரும். ஆகையால் குடும்பச் செலவுக்குக் காய்கறித் தோட்டத்தையே நம்பியிருக்கும் குடியானவர் பலர். அத்தகைய தோட்டத்தில் பூச்சிகளாலும் நோய்களாலும் உண்டாகும் நஷ்டம் பெரும்பாலும் புதுப் பயிரில் பிறப்பதன்று. காய்ப்பு ஓய்ந்தும் பிடுங்கப்படாமல் நிற்கும் பழம் பயிரில் பிறந்து புதுப் பயிருக்கு வருவதாகும். இதனை விளக்கி, செய்ய வேண்டுவதையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலத்தின் நெருக்கம்

மார்கழி, தை மாதங்களில் நட்ட கத்தரி ஏறக்குறைய ஐந்து மாதம் நின்று வைகாசி, ஆனி மாதங்களில் ஓய்கிறது. அடுத்த போகத்திற்கு நாற்று விடுவதும் நடுவதும் அதே வைகாசி, ஆனி மாதங்களில்தான். ஆகவே ஒரு வயலில் கிழச் செடியும், வரப்பைத் தாண்டியுள்ள வயலில் இளஞ் செடியும் ஒரே சமயத்தில் நிற்க நேரிடுகிறது. பூச்சிக்கு இதைக் காட்டிலும் அனுகூலமான நிலைமை வேறில்லை.

துளைப்பானின் வாழ்க்கை

கத்தரியின் முதற் பகைவன் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவாகும். இதன் தாய் ஒரு சிறு அந்துப்பூச்சி. வெண்மையான இறக்கைகளில் பழுப்புநிறத் திட்டுகள் காணப்படும். இது இரவில் வெளிப்பட்டு, இலையின் அடிப்புறத்திலும் கொழுந்திலும் மொட்டிலும் காய்க் காம்பிலும் ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது. சில நாட்களில் முட்டை பொரிந்து வெளிவரும் புழு, தாமதமின்றிக் கொழுந்திலோ காயிலோ துளைத்து நுழைந்து, துவாரத்தைத் தன் கழிவினால் அடைத்துக்கொள்கிறது. ஏறக்குறைய இரண்டு வாரம் உள்ளேயிருந்து தின்று முதிர்ந்தபின் வெளிவந்து, உதிர்ந்த சருகுகளிலும் மண்ணின் மேற்பரப்பிலும் செடியின் தண்டிலும் கூடு கட்டிக்கொண்டு, ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் அந்தாக வெளிப்படுகிறது. பயிர் நிற்கும் காலமெல்லாம் இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பெருகி வருவதனால், கடைப் பறிப்புக் காலத்தில் தோட்டத்திலுள்ள பூச்சிகளின் தொகை மிகுந்துவிடுகிறது.

இங்கே இரண்டு உண்மைகளைக் குடியானவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, புழு காயினுள் நுழைந்தபின் மேலே தெளிக்கும் மருந்து அதனை எட்டுவதில்லை. முட்டையினின்று வெளிவந்து துளையிடும் வரையுள்ள சொற்ப நேரமே மருந்து வேலை செய்யும் நேரமாகும். இரண்டாவது, இப்புழு பெரும்பாலும் கத்தரியையும் அதன் இனத்துச் செடிகளையுமே தின்று வாழ்வது. மணிலாவிலோ கம்பிலோ சோளத்திலோ இது பிழைப்பதில்லை. ஆகையால் ஒரு கிராமத்தில் ஒரு மாதத்திற்குக் குறையாமல் கத்தரிச் செடியே இல்லாதிருக்குமாயின், இப்பூச்சியின் வம்சம் பெரும்பாலும் அறுபட்டுப்போகும்.

யான் கண்ட ஓர் அனுபவம்

சில வருஷங்களுக்கு முன் இவ்வட்டாரத்துக் கிராமமொன்றில் பங்காளிகள் இருவர் அடுத்தடுத்த வயல்களில் கத்தரி வைத்திருந்தனர். இளையவருடைய பயிர் நட்டு ஒரு மாதமே ஆனது. கொழுந்துகள் தலை சாய்ந்து வாடின. மருந்து தெளிக்கும்படி யானே கூறினேன். இருமுறை தெளித்தும் பயனில்லை. மூன்றாம் முறை அங்கு சென்றபோதுதான் வரப்பைத் தாண்டி மூத்தவர் தோட்டத்தைப் பார்த்தேன். முதலிலேயே பாராதது என் பிழை. அங்கே காய்ப்பு ஓய்ந்த செடிகள் களையோடு நின்றன. சொத்தைக் காய்கள் வரப்பிலே எறியப்பட்டுக் கிடந்தன.

மூத்தவரை வினவியபோது அவர், “ஐயா, இன்னும் வாரத்திற்கு இரண்டு கூடை காய் வருகிறது. வந்த மட்டும் லாபந்தானே? காய்க்கிற செடியைப் பிடுங்க மனம் வருமா?” என்றார். அவர் கூறியது நியாயமில்லாத பேச்சன்று. யான் வாதம் செய்யாமல், அன்று பறித்த கூடையைக் கவிழ்த்து, இருவருமாக உட்கார்ந்து நல்ல காயையும் சொத்தைக் காயையும் பிரித்தோம். பாதிக்கு மேற்பட்டவை சொத்தையாயிருந்தன. அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “தம்பி பயிருக்கு இங்கிருந்தா போகிறது?” என்று கேட்டார். அந்த வாரத்திற்குள் செடிகள் பிடுங்கப்பட்டன. அடுத்த போகத்தில் இருவரும் ஒரே வாரத்தில் நட்டனர். புழு முற்றிலும் ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆயினும் வாடிய கொழுந்துகள் கண்கூடாகக் குறைந்திருந்தன.

தோட்டத்தை எப்பொழுது முடிப்பது?

இதனைக் கணக்கிட்டே முடிவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு பறிப்பிலும் 100 காய்களை எடுத்து, அவற்றுள் சொத்தை எத்தனை என்று எண்ணிக் குறித்து வருக. மூன்று பறிப்புகளில் அத்தொகை ஏறிக்கொண்டே வந்தால் செடியின் காலம் முடிந்துவருகிறது என்று அறியலாம். பிறகு வரவு செலவைப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணமாக, ஒரு பறிப்புக்குக் கூலி, வண்டிச் சத்தம், தரகு ஆகிய மூன்றும் சேர்ந்து 600 ரூபாய் என்றும், நல்ல காய் விற்ற தொகை 700 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 100 ரூபாய். அந்த 100 ரூபாய்க்காகப் புதுப் பயிருக்குப் புழுவைக் கொடுத்து, பின்னர் அதற்கு மருந்தும் கூலியும் செலவிடுவது லாபமாகுமா என்பதை ஒவ்வொருவரும் தாமே தீர்மானிக்கலாம்.

சிலர் கிழச் செடியைக் கவாத்துச் செய்து மறுதாம்பாக விடுவர். சுற்றிலும் புது நடவு இருக்கும் இடத்தில் இது தகாது. விட்டே தீர வேண்டுமாயின், வெட்டிய கிளைகளையும் கீழே கிடக்கும் காய்களையும் அன்றே அப்புறப்படுத்த வேண்டும். சிற்றிலை நோயுற்ற செடியை மறுதாம்புக்கு விடவே கூடாது.

பிடுங்கும் முறை

செடிகளை வேரோடு பிடுங்குதல் வேண்டும். அடித்தண்டை வயலில் விட்டால் அது மீண்டும் துளிர்த்துப் பூச்சிக்கு உணவாகும். சொத்தைக் காய்களையும் சருகுகளையும் கூட்டிச் சேர்த்து, இரண்டடி ஆழமுள்ள குழியிலிட்டு மேலே மண் மூடுக. பிறகு நிலத்தை உழுது வெயிலில் காயவிட்டால், மண்ணின் மேற்பரப்பிலுள்ள கூடுகள் வெளிப்பட்டு வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும்.

கத்தரி மாரைப் பற்றி ஒரு வார்த்தை கூறுவது அவசியம். காய்ந்த மாரை அடுப்புக்காகக் கிணற்று மேட்டிலோ வீட்டின் புறக்கடையிலோ அடுக்கி வைப்பது நம் வழக்கம். இம்மாரிலுள்ள கூடுகளிலிருந்து அந்துகள் வெளிவந்து புது நடவுக்குப் பறந்து செல்கின்றன. தைவானைத் தலைமையிடமாகக் கொண்ட உலகக் காய்கறி நிலையத்தார் தெற்காசிய நாடுகளில் இதனைக் கவனித்து எச்சரித்துள்ளனர். விறகு வேண்டாமென்று எந்தக் குடும்பத்தாரிடமும் சொல்ல முடியாது. ஆகையால் மாரை வயலினின்று தூரமாக வைத்து, வேறு விறகுக்கு முன் இதனையே எரித்துத் தீர்க்க வேண்டும்; அதுவரை நெருங்கிய கண்ணுள்ள வலையினால் அடுக்கை முழுதும் மூடி வைக்க வேண்டும். வலையினுள் வெளிப்படும் அந்து அங்கேயே மடியும்.

நோய்களும் இவ்வழியே வருகின்றன

கத்தரியில் இலைகள் சிறுத்து, கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, காய் பிடிக்காமல் நிற்கும் நோயைச் சிற்றிலை நோய் என்பர். இதனை 1939-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தாமஸ், கிருஷ்ணசாமி என்னும் இருவர் விவரித்தனர். அக்காலத்தில் இது வைரஸ் நோயென்று கருதப்பட்டது. 1967-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் வேறு பயிர்களில் ஒருவகை நுண்ணுயிரைக் கண்டறிந்தபின், இதுவும் பைட்டோபிளாஸ்மா என்னும் அவ்வகை உயிரால் வருவதென்று தெளிந்தது. தத்துப்பூச்சி நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சி நல்ல செடிக்கு இதனைக் கொண்டு செல்கிறது. நோயுற்ற செடிக்கு மருந்தில்லை. செடி நிற்கும் வரை நோயின் ஊற்றும் நிற்கும்.

வெண்டையில் நரம்புகள் மஞ்சளாகும் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. இது விதை வழியே வருவதன்று. நோயுற்ற பழஞ் செடியிலிருந்தும் களைகளிலிருந்தும் வருவது. ஆகவே முற்றிப்போன வெண்டையை நிறுத்தி வைத்துப் பக்கத்தில் புது வெண்டை விதைப்பது நோயை விதைப்பதே ஆகும். மிளகாயில் பழ அழுகல் நோயோ விதையோடும் வரும். கடைப் பறிப்பில் கிடைத்த கறைபட்ட பழங்களிலிருந்து விதை எடுத்தலாகாது.

பிடுங்கிய செடிகளின் வேரையும் பார்க்க வேண்டும். வேரில் முடிச்சுகள் இருப்பின் அது நூற்புழுவின் வேலையாகும். அவ்வயலில் மறுபடியும் கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை வையாமல் கம்பு, சோளம், மணிலா இவற்றுள் ஒன்றை மாற்றுப் பயிராக விடுக. நம் வட்டாரத்தில் இதற்குத் தடையொன்றுமில்லை.

கடைப் பறிப்பு வரை செய்ய வேண்டுவன

தோட்டம் முடியும் தறுவாயில் மருந்தை மிகுதியாகத் தெளிப்பது வழக்கமாகிவிட்டது. காயில் விஷம் தங்குவதற்கு இதுவே மிக அபாயமான காலம். பறிப்புகள் நெருங்கியிருப்பதனால் மருந்தின் வீரியம் தணிய அவகாசமில்லை. மானோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளுக்கு உபயோகிப்பது நம் நாட்டில் 2005-இல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பான் 2011-இல் உச்சநீதிமன்றத்தால் தடுக்கப்பட்டது. பைரித்திராய்டு வகை மருந்துகளை அடுத்தடுத்துத் தெளித்தால் வெள்ளை ஈயும் சிலந்தியும் பெருகும். எம்மருந்தானாலும் அதன் சீட்டில் குறித்துள்ள நாட்கள் கழிவதற்கு முன் காய் பறித்தலாகாது.

இவற்றுக்குப் பதிலாக, வாரம் ஒரு முறை வாடிய கொழுந்தைத் துளைக்குச் சற்றுக் கீழே கிள்ளி எடுத்து அழிக்கலாம். ஏக்கருக்கு ஐந்து வீதம் இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்து ஆண் அந்துகளைப் பிடிக்கலாம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராகப் பெருக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வேளையில் தெளிக்கலாம்.

கிராம அதிகாரிகளுக்கு

ஒருவர் மட்டும் செடியைப் பிடுங்கினால் பாதிப் பயனே உண்டு. அந்துக்கு வரப்பு ஒரு தடையன்று. இவ்வுண்மையை நம் மாகாணத்தார் முன்னரே உணர்ந்திருந்தனர். 1919-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டம் இயற்றப்பட்டு, அதன்படி சில பகுதிகளில் பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டுமென்று உத்தரவிடப்பட்டது. பருத்தியின் தண்டு வண்டும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் பழஞ் செடியில் தங்கிப் பெருகுவதே அதற்குக் காரணம். கத்தரிக்கு உத்தரவை எதிர்பார்த்து நிற்க வேண்டுவதில்லை. கிராமசபையில் பேசி, “இன்ன தேதிக்குள் பழந் தோட்டங்களைப் பிடுங்குவது, இன்ன தேதிக்குப் பின்னரே நடுவது” என்று ஊராரே உடன்பாடு செய்துகொள்ளலாம். கிராம அதிகாரிகள் அடங்கலுக்காக வயல்களைப் பார்க்குங்கால் காய்ப்பு ஓய்ந்த தோட்டங்களைக் குறித்து எமக்குத் தெரிவித்தால், யாமே வந்து குடியானவரோடு காயைப் பிரித்து எண்ணிக் காட்டுவோம். கூலிக்கு ஆளில்லாத சிறு குடியானவருக்கு அயலார் ஒரு நாள் கை கொடுப்பது அவருக்குச் செய்யும் தருமம் மட்டுமன்று. தம் பயிருக்குச் செய்துகொள்ளும் காவலுமாகும்.

சுருக்கம்

1. மூன்று பறிப்புகளில் சொத்தையை எண்ணி, வரவு செலவு பார்த்துத் தோட்டத்தை முடிக்கவும்.

2. செடிகளை வேரோடு பிடுங்கி, சொத்தைக் காயையும் சருகையும் குழியிலிட்டு மூடவும்.

3. கத்தரி மாரை வலையால் மூடி, முதலில் அதனையே எரிக்கவும்.

4. நாற்றங்காலைப் பழந் தோட்டத்திற்குத் தூரமாக அமைக்கவும்.

5. கத்தரிக்குப் பின் கத்தரி வையாமல் பயிரை மாற்றவும்.

6. ஊர் முழுதும் ஒரு மாதத்திற்குக் குறையாத இடைவெளி விடவும்.

மேற்கொண்டு ஐயமுள்ளோர் நோயுற்ற செடியொன்றை வேரோடு எடுத்துக்கொண்டு விருத்தாசலத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டார விவசாய அலுவலகத்திலோ காட்டி விவரம் அறியலாம்.