பப்பான் வீட்டின் பின்வாசல்

திருச்சபையில் புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள் முதல் வாரத்தில் என்ன செய்கிறார்கள்? புலனக் குழுவுக்குப் புதுப் பெயர் வைக்கிறார்கள். பதாகை அடிக்கிறார்கள். மேடையில் யாருக்கு எந்த நாற்காலி என்று பேசி முடிக்கிறார்கள். பங்கு மன்றம், இளையோர் குழு, பெண்கள் சங்கம், எதுவானாலும் தொடக்கம் பெரும்பாலும் இப்படித்தான். உங்களுக்கும் அப்படி ஒரு பொறுப்பு வந்திருந்தால், பதாகைக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை காலையில் பப்பானுக்குப் போய் வாருங்கள்.

ஈப்போவுக்குப் பக்கத்து ஊர்தான். ஈயம் இருந்தவரை செழித்தது. ஈயம் போனதும் ஓய்ந்துவிட்டது. பெரிய தெருவில் 74ஆம் எண் கடைவீட்டைத் தேடுங்கள். சிபில் கார்த்திகேசு என்ற கத்தோலிக்கப் பெண்மணி போர்க்காலத்தில் மருந்தகம் நடத்திய வீடு அது.

1899இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த யுரேசியப் பெண் சிபில். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். 1919இல் யாழ்ப்பாணத் தமிழ் வழிவந்த மருத்துவரை மணந்தார். இருவரும் 1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில், இன்றைய சுல்தான் இட்ரிஸ் ஷா சாலையில், மருந்தகம் நடத்தினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்ததும் குடும்பம் பப்பானுக்கு இடம் மாறியது. பகலில் ஊர்மக்கள் முன்வாசல் வழியாக வந்தார்கள். இரவில் காயம்பட்ட எதிர்ப்புப் படையினர் பின்பக்கமாக வந்தார்கள். சிபில் இரு தரப்புக்கும் மருந்து கட்டினார். ஒளித்துவைத்த வானொலியில் பி.பி.சி. கேட்டார். 1943இல் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, பத்து காஜா சிறையில் கிடந்தார். போர் முடிந்த பிறகே வெளியே வந்தார். பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது.

அவர் மூப்பரும் இல்லை, மன்றத் தலைவியும் இல்லை. ஆனால் ஆபத்தில் இருந்தவர்களுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருந்தது. சமூகச் சேவையில் தலைமை என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான்: பதவி முன்வாசலில் பெயர்ப்பலகையாகத் தொங்கும், வெட்கமும் பயமும் உள்ளவர்கள் பின்வாசலுக்குத்தான் வருவார்கள். அந்தப் பின்வாசலை எப்படித் திறந்து வைப்பது என்று பார்ப்போம்.

கையில் ஒரு வேலை இருக்கட்டும்

சிபிலைத் தேடி மக்கள் வந்ததற்கு முதல் காரணம் அவருடைய பக்தி அல்ல, அவருக்குத் தெரிந்த தொழில். பிரசவம் பார்க்கத் தெரியும், காயம் கட்டத் தெரியும், கண்டனீஸ் சரளமாகப் பேசத் தெரியும். உங்களுக்கு என்ன தெரியும்?

இந்தக் கேள்வி பேராக்கில் கூடுதலாக உறுத்த வேண்டும். 1877இல் கோலகங்சாரில் ஊன்றிய சில கன்றுகளிலிருந்து விரிந்த ரப்பர்க் காடு இது. அந்தக் காட்டை நம்பி வந்த குடும்பங்களுக்குத் தோட்டமே எல்லாமாக இருந்தது. வேலை, லயத்து வீடு, டிரெசர் கொடுக்கும் மருந்து, ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி எல்லாம் ஒரே வேலிக்குள். தோட்டம் கைமாறியபோதும், செம்பனைக்கோ வீடமைப்புக்கோ போனபோதும் வேலை மட்டும் போகவில்லை. வேலையோடு ஒட்டியிருந்த வீடும் போனது. அந்த வேலிக்குள் இருந்த எல்லாமே சிதறியது. சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் பத்து காஜாவிலும் தாமான்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் இன்று இருப்பவர்களில் பலர் அந்த வேலிக்குள் பிறந்தவர்கள்.

முன்பு கிராணியும் டிரெசரும் தண்டலும் செய்த சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய இன்று ஆள் இல்லை. மலாயில் ஒரு கடிதம் எழுத, இரத்த அழுத்தம் பார்க்க, டயாலிசிசுக்குக் கொண்டுபோய் விட, சொக்சோ படிவம் நிரப்ப, பிள்ளைக்கு எந்தப் பாலிடெக்னிக்கில் எந்தப் படிப்பு என்று சொல்ல. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஒமார் 1969 முதல் ஈப்போவிலேயே இருக்கிறது. அது பக்கத்து அடுக்குமாடியில் உள்ள பையனுக்குத் தெரியுமா? இந்த வேலைகளில் ஒன்றையாவது அடுத்த மூன்று மாதத்தில் பிழையின்றிக் கற்றுக்கொள்ளுங்கள்.

பத்திரத்திலிருந்து தொடங்குங்கள்

எங்கே தொடங்குவது என்று குழம்பினால் என் பதில் ஒன்றே: அடையாளப் பத்திரங்கள். சோற்றுப் பொட்டலம் ஒரு வேளைக்கு. பிறப்புப் பத்திரம் ஆயுளுக்கு.

மூன்று விஷயங்களை மனப்பாடமாக வைத்திருங்கள். ஒன்று, 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். கோயிலில் தாலி கட்டியதும் ஆலயத்தில் மோதிரம் மாற்றியதும் மட்டும் போதாது. பதிவு அதிகாரம் பெற்றவர் நடத்தினால் ஒழிய, தேசியப் பதிவிலாகாவுக்குப் போயே ஆக வேண்டும். இரண்டு, பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் தண்டமும் அலைச்சலும் கூடும். மூன்று, பெற்றோரின் திருமணம் பதிவாகவில்லை என்றால் பிள்ளையின் குடியுரிமை தாயின் வழியே பார்க்கப்படும். தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்தால், அப்பா நீலக் கார்டு வைத்த குடிமகனாக இருந்தும் பிள்ளை நாடற்றவளாக நிற்கக்கூடும்.

இது தெரிந்தவர் ஒருவர் அடுக்குமாடியில் இருந்தால் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

“பாட்டி, பேத்திக்கு எத்தனை வயசு?”

“பதினொண்ணு முடிஞ்சிருச்சு தம்பி.”

“அடுத்த வருசம் ஐ.சி. எடுக்கணுமே. பொறப்புப் பத்திரம் பத்திரமா இருக்கா?”

பாட்டி பேச்சை மாற்றினால் அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. ஒரே நாளில் முடியாது. மருத்துவமனைப் பதிவு, பள்ளிக் கடிதம், சாட்சிகளின் சத்தியப் பிரமாணம், மீண்டும் ஒருமுறை கவுன்டர் எண். கோப்பைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர்தான் அங்கே தலைவர். சிக்கலான வழக்குகளை வழக்கறிஞரிடமோ, இதையே முழுநேர வேலையாகச் செய்யும் அமைப்பிடமோ ஒப்படையுங்கள். அரைகுறை ஆலோசனை வழக்கைக் கெடுக்கும்.

இரண்டிரண்டு பேராகப் போங்கள்

1833இல் பாரிசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபைக்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஏழைகளை அலுவலகத்துக்கு வரச் சொல்லாமல், உறுப்பினர்கள் இருவராக அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். ஒருவர் பேச, ஒருவர் கவனிக்கலாம். பணமோ பழியோ வந்தால் சாட்சியும் இருக்கும். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண் தனியாகப் போகும் சங்கடமும் இல்லை.

போய் என்ன செய்வது? பெல்ஜியத்து ஜோசப் கார்டைன் 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவி, தொழிற்சாலைப் பையன்களுக்கு மூன்று சொல்லில் ஒரு முறை கொடுத்தார்: பார், ஆராய், செய். நம்மில் பலர் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம். அரிசி மூட்டை வாங்கிய பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பே எரிவதில்லை, வயதானவர் பக்கத்துக் கடையில் சாப்பிடுகிறார் என்று தெரிகிறது. முதல் இரண்டு சந்திப்புகளில் எதையும் கொடுக்காதீர்கள். உட்காருங்கள். கொடுக்கும் தேத்தண்ணியைக் குடியுங்கள். வெளியே வந்த பிறகு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்; அவர்கள் முன்னால் எழுதினால் சர்வே எடுக்க வந்தவர் என்று நினைப்பார்கள்.

கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் என்ற அக்கம்பக்கக் குழுக்கள் இருப்பதால் இதற்குப் புதிய குழு தேவையில்லை. மெதடிஸ்ட், லுத்தரன் சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டம் போதும். ஜெபம் முடிந்த பின் பத்து நிமிடம் “இந்த மாடியில் யார் நோயாளி, யாருக்கு வேலை போனது” என்று கேட்டாலே பட்டியல் வந்துவிடும்.

மருந்துக்கு நிபந்தனை வேண்டாம்

சிபில் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தவர்கள் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர். அந்தப் படையை நடத்தியது கம்யூனிஸ்டு கட்சி. சிபிலோ ஆழ்ந்த கத்தோலிக்கர். கொள்கை கேட்டுவிட்டுக் கட்டுப் போட்டிருந்தால் பாதிப் பேர் செத்திருப்பார்கள்.

நம் அடுக்குமாடியில் சாமி மாடமும் சிலுவையும் ஒரே நடைபாதையில் இருக்கும். உதவி வாங்கிய வீட்டுக்கு அடுத்த ஞாயிறு துண்டுப்பிரசுரம் போனால், அந்த மாடி முழுக்க உங்களுக்குக் கதவைச் சாத்தும். மலாய் அண்டை வீட்டார் விஷயத்தில் சட்டமும் உண்டு: அரசியலமைப்பின் 11(4) பிரிவு முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. உதவி வேறு, வழிபாட்டு அழைப்பு வேறு என்று குழுவுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். கோயில் தலைவரையும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரையும் நேரில் போய்ப் பாருங்கள். யார் வீட்டில் கஷ்டம் என்று உங்களைவிட அவர்களுக்கு முன்பே தெரியும்.

இதே கணக்கில் படமும் சேரும். பொட்டலம் வாங்குகிறவர் முகத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள். நன்கொடையாளருக்குக் கணக்குதான் வேண்டும்; பாட்டியின் முகம் எதற்கு?

இரகசியத்துக்கு எல்லை

கேட்டதை வீட்டிலும் சொல்லாதீர்கள். “ஜெபிக்கத்தானே சொன்னேன்” என்று பெயரோடு குழுவில் போடுவதும் புறம் பேசுவதுதான். ஆனால் குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் அது இரகசியமே அல்ல. 15999 என்ற ‘தாலியான் காசே’ உதவி எண்ணுக்கோ, சமூக நல இலாகாவுக்கோ, போலீசுக்கோ அன்றே சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் சபையின் பெரிய மனிதராக இருந்தாலும் உள்ளுக்குள் பேசித் தீர்க்க முயலாதீர்கள்.

பத்து வெள்ளிப் பாடம்

பணத்தில் நமக்குப் பாடம் சொல்பவர் ஓர் இந்து. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்மரம் வெட்டுபவர்களிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார். மறு ஆண்டு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. கொடுத்தவர்களே பங்குதாரர்கள்.

உங்கள் திட்டத்தில் பயன்பெறுகிறவர்களுக்கு என்ன பங்கு? சின்னத் தொகையோ, ஒரு மணி நேர உழைப்போ, செயற்குழுவில் ஓர் இடமோ இருக்கட்டும். கணக்கில் இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது, மாதம் ஒருமுறை எல்லாருக்கும் முன் வாசிப்பு. வங்கிக் கணக்கு ஒருபோதும் உங்கள் சொந்தப் பெயரில் வேண்டாம், ஒரு வாரத்துக்குக்கூட.

வீட்டில் இருப்பவர்கள்

சிபிலின் கதையில் நான் தயங்கும் இடம் ஒன்று உண்டு. அவரிடமிருந்து வாக்குமூலம் வாங்க, சின்ன மகளை மரத்தில் தொங்கவிட்டு அடியில் தீ மூட்டினார்கள். கணவரும் சிறைப்பட்டார். சிபில் விடுதலைக்குப் பின் பிரிட்டனில் சிகிச்சையில் இருந்தபோதே இறந்தார். பின்னர் அவர் உடல் ஈப்போவுக்கு வந்து அடக்கமானது. அவருடைய நினைவு நூல் 1954இல்தான் வெளிவந்தது.

அது போர்க்காலம், அவருக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. நமக்கு இருக்கிறது. ஆகவே அந்தத் தியாகத்தை மேடையில் சொல்லிச் சொல்லித் தொண்டர்களை உறக்கமில்லாமல் ஓடவிடாதீர்கள். வாரத்தில் ஒரு மாலை தொலைபேசியை அணைத்து வையுங்கள். இரவு அழைப்புக்கு முறை வைத்து ஆள் போடுங்கள். உங்கள் பிள்ளையின் பள்ளி விழா நாளில் கோப்பை வேறொருவர் தூக்கட்டும்.

அடுத்தவர் கைக்கு

ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்க நிறுவன அலுவலர் 1970இல் ‘பணியாளரே தலைவர்’ என்ற கருத்தை எழுதினார். யோவான் 13இல் சீடர்களின் கால் கழுவப்பட்ட காட்சியை அறிந்த நமக்கு அது புதிதல்ல. ஆனால் அவர் வைத்த சோதனை பயன்படும்: நீங்கள் சேவை செய்தவர்கள் வளர்ந்தார்களா, முன்பைவிடச் சொந்தக் காலில் நிற்கிறார்களா?

ஆகவே இரண்டு ஆண்டில் விலகுவேன் என்று இன்றே நாள் குறியுங்கள். எந்த இலாகாவில் எந்தக் கவுன்டர், எந்தக் குடும்பத்தின் கோப்பு எந்த நிலையில் என்று பூட்டிய அலமாரியில் வைக்கும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். ஒவ்வொரு முறை பதிவிலாகாவுக்குப் போகும்போதும் புதிய ஆள் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

பாட்டியின் பேத்திக்கு ஒருநாள் கார்டு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கூடவே நடந்ததில் படிவம் நிரப்பவும் கற்றிருப்பாள். எதிர் வீட்டு அக்கா தன் பிள்ளையின் பத்திரத்தைச் சேலைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு, உங்களைத் தாண்டிப் போய் பேத்தியின் வீட்டுப் பின்வாசலைத் தட்டினால், கோபப்படாதீர்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை யாரிடம் கொடுப்பது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.