மீனின் தோலும் ஆற்றின் நுரையும்

நந்திமலையிற் பிறந்து ஓசூருக்கு அணித்தே தமிழகம் புகும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையினின்று வெண்ணுரை சுமந்து வெளிப்படுதலை நம்மிற் பலர் கண்டிருப்பர். பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே இவ்வாற்றிற் கலக்கின்றது. 2015ஆம் ஆண்டிற் பெல்லந்தூர் நுரை தீப்பற்றியும் எரிந்தது. நீர் எரிந்ததென்றால் நம் பாட்டனார் நம்புவரோ?

இந்நுரைக்குச் சலவைப்பொருள்கள் ஒரு முக்கிய காரணம். அவை துணியின் எண்ணெய்ப்பசையை நீக்குமாறே, மீனின் மேனியைப் போர்த்துள்ள வழுவழுப்பான கோழைப் படலத்தையும் சிதைக்கின்றன. நோய்க்கிருமிகளைத் தடுக்கும் முதல் அரண் அப்படலமே. அது குலைந்தவிடத்துப் புண்ணும் பூஞ்சணமும் எளிதிற் பற்றும். செவுள்களும் கெட்டு மூச்சுத் திணறும். கடல்வாழ் ஓங்கில்களிடத்தோ, கொழுப்பிற் கரையும் நஞ்சுகள் உடற்கொழுப்பிற் சேர்ந்து, தாய்ப்பாலின் வழியே குட்டிக்குஞ் செல்கின்றன.

உயிரியல் பயிலும் மாணவர் அணைக்கரையில் ஒரு மீனைக் கையிலெடுப்பின், செதில்களை எண்ணுமுன் அவற்றை மூடிய படலத்தை நோக்குக.