தேதி வராத நாட்களில் ஓடுவது

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வு முடிந்த கையோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாய் என்றும், தீபாவளிக்குப் பிறகு கிரவுண்டு பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்றும் அக்கா போனில் சொன்னாள். "சோம்பேறி ஆயிட்டான்டா" என்று வருத்தப்பட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போனில் சொன்னால் அரைகுறையாகப் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. உடல்தகுதித் தேர்வு எந்த மாதம் என்று தெரியாது. கட்-ஆஃப் எங்கே நிற்கும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போதாததற்கு ஐப்பசி, கார்த்திகை மழை. பள்ளிக்கூட மைதானம் சேறாகக் கிடக்கிறது. கூட ஓடின பையன்களில் பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். தேதி தெரிந்துவிட்டால் யாரும் எழுப்பாமலே விடிகாலையில் எழுந்துவிடுவாய். தேதியே இல்லாதபோது மனம் தளராமல் என்ன செய்யும்? இதை உன் குணத்தில் உள்ள குறை என்று எடுத்துக்கொள்ளாதே. ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

நன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள் அதை அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று 1984-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. உடம்பு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் மூன்று வாரத்துக்குள் 7 சதவீதமும், எட்டு வாரத்தில் 16 சதவீதமும் இறங்கியிருந்தது. இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். அப்போது இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அனுப்பும் இரத்தமும் குறையும். ரெண்டு வாரம் கழித்துப் போனால் முதல் ரவுண்டிலேயே வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இதனால்தான். கை, தோள் பலம் இவ்வளவு சீக்கிரம் போகாது. கயிறு ஏறுவது உனக்கு இன்னும் வரும். 1500 மீட்டர்தான் முதலில் கையை விட்டுப் போகும்.

இப்போது நல்ல செய்தி. ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980-களின் முதல் பாதியில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: சேர்த்த திறனைக் காப்பாற்ற எவ்வளவு பயிற்சி போதும்? வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று 10 வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார். பிறகு 15 வாரத்துக்கு அளவைக் குறைத்தார். வாரம் 2 நாளாகக் குறைத்தவர்களுக்கும் அந்த உச்சத் திறன் இறங்கவில்லை. வேறொரு குழுவுக்கு நாட்களை அப்படியே வைத்து 40 நிமிடத்தை 13 நிமிடமாக்கினார். நெடுநேரம் தாக்குப்பிடிப்பது கொஞ்சம் குறைந்ததே தவிர, உச்சத் திறன் நின்றது. ஆனால் நாட்களையும் நேரத்தையும் அப்படியே வைத்து வேகத்தை, அதாவது பயிற்சியின் கடுமையைக் குறைத்தபோதுதான் திறன் சரிந்தது.

மனம் வராத நாட்களில் நாம் எல்லோரும் செய்வது இதற்கு நேர்மாறு. "சும்மா ஒரு அரை மணி நேரம் மெதுவா ஓடிட்டு வந்தேன்" என்போம். நேரமும் போகும், திறனும் நிற்காது. உன் தேர்வே ஏழு நிமிட ஓட்டம். உனக்கு இப்போது வேண்டியது வேகம்.

1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 400 மீட்டர் ட்ராக்கில் அது மூன்றே முக்கால் ரவுண்டு. ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 நொடி. உங்கள் பள்ளி மைதானம் 200 மீட்டர் என்றால் ரவுண்டுக்கு 56 நொடி. மழைக்காலம் முடியும்வரை வாரம் மூன்று நாள் போ. பத்து நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கு. பிறகு 400 மீட்டர், 1:48-க்குள்; மூச்சு திரும்பும்வரை நட; இன்னொன்று; முடிந்தால் மூன்றாவது. அவ்வளவுதான், வீட்டுக்குப் போ. மிச்சம் தெம்பு இருக்கிறதே என்று கூட்டாதே. இன்றைக்கு ஆசையில் கூட்டினால் நாளை மறுநாள் எழுந்திருக்க மனம் வராது.

மைதானத்தில் தண்ணீர் நின்றால் வண்டி அதிகம் போகாத தார்ச்சாலையில் ஓடு. வெளியே கால் வைக்கவே முடியாத மழை என்றால் வீட்டுத் திண்ணையில் தண்டாலும் பஸ்கியும் எடு, படிக்கட்டில் வேகமாக ஏறி இறங்கு. ஈரக் கயிற்றில் மட்டும் ஏறாதே. கை வழுக்கினால் இந்த வருடமே போய்விடும்.

இடையில் ஒரு நாள் தப்பிப்போனால், "போச்சு, இனி திங்கட்கிழமையிலிருந்து புதுசா ஆரம்பிக்கலாம்" என்று வாரத்தையே விட்டுவிடாதே. லண்டனில் 96 பேரை வைத்து, ஒரு செயல் எப்போது பழக்கமாகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்பதை மட்டும் மாற்றாதே. காலையில் கண் விழித்தபின் "போகலாமா" என்று யோசிக்க இடம் வைக்கக் கூடாது. மிச்சமிருக்கும் பையன்களில் ஒருவனிடம் சொல்லி வை. வாசலில் ஒருவன் வந்து நின்றால் கால் தானாக ஷூவைத் தேடும்.

ராத்திரி படுத்துக்கொண்டு உத்வேக வீடியோ பார்ப்பதை நிறுத்து. அந்தச் சூடு விடியும்வரை தாங்காது, தூக்கம்தான் கெடும். தூக்கம் கெட்டவனுக்குக் காலையில் வருவதை நாம் மனச்சோர்வு என்று தப்பாகப் பெயர் வைத்துவிடுகிறோம். காய்ச்சல் வந்து போயிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அது மழைக்காலத்தில் சகஜம். நன்றாகத் தெளியும்வரை வேக ஓட்டம் வேண்டாம், நடந்தால் போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் கேட்கிறேன். ஓட மட்டும்தான் மனம் வரவில்லையா, இல்லை சாப்பாடு, சிநேகிதர்கள், கிரிக்கெட் எதிலுமே பிடிப்பில்லையா? ரெண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் அது பயிற்சியால் சரிசெய்யும் விஷயம் இல்லை. என்னிடம் சொல். அரசு ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன். போனில் பேசுவது சுலபம் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

தை பிறந்து மைதானம் காய்ந்ததும் ஒரேயடியாகப் பழைய அளவுக்குத் தாவாதே. முதல் வாரம் மூன்று 400 என்றால் அடுத்த வாரம் நான்கு. முழு 1500-ஐ அதற்கடுத்த வாரம் ஓடிப் பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி எடுத்தால் அதே நாள் நிறுத்து, வலியோடு ஓடாதே.

சனிக்கிழமைதோறும் உன் ரவுண்டு நேரத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. 1:48 வராவிட்டாலும் வந்த நேரத்தையே அனுப்பு. அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா